மேல் விளிம்பில் மட்டும் பசை

கெரென்சேர் வில்மாவின் குரல் நாலு மீட்டர் போகும். அதற்கு மேல் போகாது. அவள் பிழைப்பு முழுவதும் அந்த நாலு மீட்டருக்குள்தான் நடந்தது.

டிசா ஆற்றங்கரை ஊரான டிசாஹாலோமில், நாடக மேடையின் முன்விளிம்பில் தரையை வெட்டி ஒரு குழி வைத்திருந்தார்கள். குழிக்குள் ஒரு முக்காலி. வில்மா அதில் உட்கார்ந்தால் தலை மட்டும் மேடை மட்டத்துக்கு மேலே தெரியும்; பார்வையாளர் பக்கம் ஒரு தகரக் கூடு அதையும் மறைத்துவிடும். நடிகருக்கு வசனம் வராமல் போனால் முதல் இரண்டு மூன்று வார்த்தைகளை அவள் எடுத்துக் கொடுப்பாள். நடிகர் காதில் விழ வேண்டும், முதல் வரிசைக்காரர் காதில் விழக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாடகம் மாறுகிற அரங்கில் யாரும் எதையும் முழுதாக மனப்பாடம் செய்வதில்லை. குழியிலிருந்து என்ன வருகிறதோ அதைச் சொல்வார்கள். யோசித்தால் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் கூட்டம் இரும ஆரம்பிக்கும்.

அந்தக் குரல் பயிற்சியில் வந்ததல்ல. ரயில்வே சிக்னல்காரரின் மகளாக 1902இல் பிறந்து, பதினாறு வயதில் இதே அரங்கில் கூட்டப் பாட்டுக்குச் சேர்ந்தவள். அந்த வருஷம் இலை உதிரும் மாதத்தில் ஊர் ஊராக வந்த விஷக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுத் தொண்டையை எடுத்துக்கொண்டு போனது. மிச்சமிருந்தது கரகரப்பான ஒரு ரகசியக் குரல். குழியில் இருந்த கிழவர் அதே காய்ச்சலில் போய்விட்டிருந்தார். முக்காலி காலி. வில்மாவை உட்கார வைத்தார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கிழவர் விட்டுப்போன புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி அவளாகவே தொழிலைப் பிடித்துக்கொண்டாள்.

அவற்றில் முதலாவது ‘ஓடத்துறைச் சீமாட்டி’.

பாட்டும் ஆட்டமும் வேடிக்கைப் பேச்சுமாக மூன்று அங்கம் ஓடுகிற ஓபரெட்டா அது. இசை அமைத்தவர் செந்த்ரோ ஆலாதார். 1913இல் தலைநகரில் அரங்கேறி, அடுத்த வருஷமே டிசாஹாலோமுக்கு வந்தது. சூதாட்டத்தில் பண்ணையைத் தோற்ற பிரபுவின் மகள் ஓடக்காரியாக வேஷம் போட்டுக்கொண்டு துறையில் நிற்கிறாள். குதிரைப்படை லெப்டினன்ட் ஒருவன் அவள் யாரென்று தெரியாமலே அவள் மேல் பைத்தியமாகிறான். மூன்றாம் அங்கத்தில் மட்டும் ஒரு சுங்கக்காரர் வருவார். அதுவரை கதையில் அவர் இல்லை. கூட்டம் களைத்திருக்கும் நேரம் பார்த்து வந்து, இருபது நிமிஷம் சிரிக்க வைத்துவிட்டுக் கல்யாணத்தை முடித்து வைப்பார். அந்த வேஷத்துக்கென்றே ஒவ்வொரு அரங்கிலும் ஒரு நடிகர் உண்டு.

கிழவரின் புத்தகத்தில் வில்மா கவனித்த ஒன்று உண்டு. வசனம் மாற்றப்பட்ட இடங்களில் புது வசனத்தைத் துண்டுத் தாளில் எழுதிப் பழைய வசனத்தின் மேல் ஒட்டியிருந்தார். ஆனால் பசை மேல் விளிம்பில் மட்டும். தாளை ஜன்னல் திரை மாதிரி தூக்கினால் அடியில் பழையது அப்படியே இருக்கும். ஏன் என்று 1919இல் அவளுக்கு விளங்கியது. அந்த வசந்தத்தில் ஆட்சி மாறியது. சீமாட்டிகள் மேடையில் கூடாது என்றார்கள். சீமாட்டி ஆசிரியை ஆனாள். நூற்றி முப்பத்து மூன்று நாள் கழித்து அந்த ஆட்சி போனது. மறுநாள் காலையில் வில்மா தாள்களைக் கிழித்து எடுத்தாள், சீமாட்டி திரும்பிவிட்டாள். எந்த வசனமும் செத்துப்போவதில்லை, அடியில் காத்திருக்கும் என்பது அந்தக் குழியின் சட்டம். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

1939இல் யூதர்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. செந்த்ரோ யூதர், அவர் அப்போது இறந்தே நாலு வருஷம் ஆகியிருந்தது. முதலில் சுவரொட்டிகளிலிருந்து அவர் பெயர் போனது. பிறகு நாடகமே போனது. பிறகு வசனப் புத்தகங்களையும் இசைத் தாள்களையும் ஒப்படைக்கும்படி உத்தரவு. எலி தின்றுவிட்டது என்று வில்மா எழுதிக் கொடுத்தாள். புத்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி நிலவறையில் கரிக் குவியலுக்கு அடியில் வைத்தாள். அவள் கணவன் ஆர்மின் வாத்தியக் குழுவில் வயோலா வாசித்தவன். பதினாலு வருஷம் அவள் முதுகுக்கு மூன்று மீட்டர் பின்னால் உட்கார்ந்திருந்தவன். அவனும் யூதன். 1942இல் கட்டாய வேலைப் படையில் போர்முனைக்கு, தோன் ஆற்றுப் பக்கம் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் புத்தகம் கரியிலிருந்து வெளியே வந்தது. அவன் வரவில்லை.

1946இல் ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் காகிதம் ஒட்டிய அரங்கில், ஜனங்கள் ஓவர்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, ‘ஓடத்துறைச் சீமாட்டி’யை மறுபடி பார்த்தார்கள். சுங்கக்காரராக ரெமெனிக் போல்திஷார். எல்லோருக்கும் போல்தி அண்ணே. அந்த வேஷக்காரர் அன்றைய ஊர் நடப்பைப் பற்றி இரண்டு மூன்று வரி சொந்தமாகச் சேர்ப்பது வழக்கம். போர் முடிவில் கிழக்கிலிருந்து வந்து கைக்கடிகாரங்களைக் கழற்றி வாங்கிக்கொண்டு போன சிப்பாய்களைப் பற்றியே அந்த வருஷம் பத்து வரி சேர்த்தார். எந்த நாட்டுச் சிப்பாய்கள் என்று ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்ற நடிகர்களும் சேர்த்தார்கள். நாளைக்கும் அதே சிரிப்பு வேண்டுமென்றால் அதே வார்த்தை வேண்டும். ஆகவே வில்மா எல்லாவற்றையும் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: வரி, தேதி, சொன்னவர் பெயர். ‘இங்கே சிரிப்பு, எட்டு எண்ணிக் காத்திரு’ என்பது போன்ற குறிப்புகளும் கூட. பென்சிலை அவள் ஒழுங்கு என்று நினைத்தாள்.

1951இல், கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு, நாடகத்தைத் திருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. சீமாட்டி ஓடக் கூட்டுறவின் தலைவி ஆனாள். லெப்டினன்ட் பாலம் கட்டுகிற எஞ்சினியர். சுங்கக்காரர் துறை நிலைய மேலாளர். அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில், பழைய நாடகத்தில் வெறும் ஆணி இருந்த இடத்தில், நாட்டுத் தலைவரின் படம். இறுதிக் காட்சியில் கூட்டுறவின் சிவப்புக் கொடி படபடக்க வேண்டும் என்பதால் பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு மின்விசிறி.

நூற்றுக்கும் மேல் மாற்றம். வில்மா ஆள்பதிவு அறைக்குப் போய்ப் புதுப் பிரதி எழுதக் காகிதம் கேட்டு மனுக் கொடுத்தாள். அந்த அறையில் இருந்தவர் தோழர் கொம்போஷ். முன்பு குதிரைச் சேணம் தைத்தவர். இப்போது அரங்கில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பது அவர் கையில். மனு மறுநாளே திரும்பி வந்தது: ‘காகிதம் இல்லை. பழையதிலேயே ஒட்டிக்கொள்ளவும்.’ கையெழுத்து, முத்திரை. ஒரு நாடகம் பற்றி வந்த உத்தரவு எதுவானாலும் அதன் புத்தகத்தின் கடைசி அட்டையில் ஒட்டிவைப்பது அவள் வழக்கம். இதையும் ஒட்டினாள். பிறகு கோதுமை மாவில் பசை காய்ச்சி, நூற்றிப் பதினேழு துண்டுத் தாள்களை ஒட்டினாள். மேல் விளிம்பில் மட்டும்.

போல்திக்கு அப்போது அறுபத்து மூன்று. அவருக்கு ஞாபகம் உதிர ஆரம்பித்திருந்தது. அது தெரிந்தது வில்மாவுக்கு மட்டும். முன்பெல்லாம் அவருக்கு ஒரு வார்த்தை போதும். இப்போது ஒவ்வொரு வரிக்கும் குழியைப் பார்த்தார். பார்ப்பதை வேடிக்கையாக்கிவிடுவார், தொப்பியைக் கீழே போட்டுவிட்டு எடுக்கக் குனிவார், பூட்ஸ் கயிற்றைக் கட்டுவார். ஒருநாள் ஒத்திகை முடிந்து போகும்போது அவள் பக்கத்தில் நின்று, கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“கண்ணு, எனக்கு இப்போ மூளை உன் குழிக்குள்ளதான் இருக்கு. எலி கடிக்காமப் பாத்துக்கோ.”

“எலி உங்க மூளையைக் கடிச்சா எலிக்குத்தான் ஆபத்து, போல்தி அண்ணே.”

“வெளியில சொல்லாத.”

“நான் சொன்னா நாலு மீட்டர்தான் கேக்கும்.”

நவம்பர் மூன்றாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்குச் சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களுக்கென்று ஒரு காட்சி. முதல் வரிசையில் மாவட்டத்திலிருந்து வந்த நாலு அதிகாரிகள், ஓரத்தில் கொம்போஷ். மூன்றாம் அங்கம் பாதி ஆகியிருந்தது. போல்தி தலைவர் படத்துக்கு முன்னால் மேஜையில் உட்கார்ந்து, எஞ்சினியர் தோழரிடம் தன் வசனத்தை ஆரம்பித்தார். “நான் இந்தத் துறையில முப்பது வருஷமா இருக்கேன்…”

பழைய நாடகத்திலும் புதியதிலும் அந்த வரி ஒன்றுதான். அதன் பிறகுதான் மாற்றம். போல்தி அங்கே நின்றுவிட்டார். தொப்பி கீழே விழுந்தது.

வில்மாவின் கண் அவர் உதட்டில் இருந்தது. அதே நேரத்தில் பக்கத் திரைக்குப் பின்னால் யாரோ கொடிக்கான மின்விசிறியை இரண்டு பக்கம் முன்னதாகவே போட்டுவிட்டார்கள். காற்று மேடைத் தரையோடு தவழ்ந்து வந்து குழியில் இறங்கியது. அவள் குனிந்து பார்த்தாள். கண் எதில் பட்டதோ அதை எடுத்துக் கொடுத்தாள்.

“பதினோரு பெரிய மனுஷங்க…”

சொல்லி முடித்த பிறகுதான் துண்டுத் தாள் மேல் பக்கமாக மடங்கி நிற்பதைப் பார்த்தாள். கை தாளின் மேல் பாய்ந்தது. அதற்குள் போல்தி தொப்பியைத் தலையில் வைத்து நிமிர்ந்துவிட்டார். இருபத்தைந்து வருஷமாகச் சொன்ன வசனம். மூன்று வார்த்தை கிடைத்ததும் மீதி தானாக வந்தது.

“பதினோரு பெரிய மனுஷங்க படத்த இந்தச் சுவத்துல மாட்டியிருக்கேன். பதினோரு பேரையும் இறக்கியும் வச்சிருக்கேன். ஆணி மட்டும் அதேதான்.”

1913இல் மந்திரிகளைப் பற்றி எழுதிய வரி. சர்க்கரை ஆலைக்காரர்கள் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். தகரக் கூடு அதிர்ந்தது. தொழில் பழக்கத்தில் வில்மா எண்ண ஆரம்பித்தாள்: ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் சிரிப்பு நின்றது. மெல்லக் குறையவில்லை, கத்தரித்த மாதிரி நின்றது. ஐந்நூறு பேரும் தாங்கள் சிரித்ததை ஒரே நேரத்தில் கேட்டுவிட்டார்கள். அதன் பிறகு கல்யாணம் முடிந்து திரை விழும்வரை யாரும் இருமக்கூட இல்லை. வில்மா வசனங்களைச் சரியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். இடது கைக் கட்டைவிரல் அந்தப் பக்கத்திலேயே அழுந்திக் கிடந்தது.

காட்சி முடிந்ததும் ஒப்பனை அறையில் போல்தியின் நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. நேற்றுவரை அவரிடம் சிகரெட் வாங்கிப் புகைத்தவர்கள் சுவரோரமாகவே போனார்கள். இயக்குநர் கெலெமென் கதவு வரை வந்து, ஏதோ மறந்தவர் போலத் திரும்பிவிட்டார். போல்தி முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

“கேட்டியா வில்மா அந்தச் சிரிப்ப? அஞ்சு வருஷமாச்சு அப்படி ஒண்ணு கேட்டு.”

“அண்ணே, அது நான்தான். தாள் தூக்கிக்கிச்சு. நான்தான் குடுத்தேன்.”

அவர் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். “வாய மூடு,” என்றார் தாழ்ந்த குரலில். “மேடையில நின்னவன் நான். அது என் வசனம்.”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் ரகசியப் போலீஸின் சாம்பல் நிற வண்டி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அந்தக் காலத்தில் ஊரில் எல்லோருக்கும் அழைப்புமணி வியாதி. மணி அடித்தால் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நிற்பார்கள். பால்காரனாகத்தான் இருக்கும், ஆனாலும் நிற்பார்கள். போல்தி வீட்டில் மணி ஒரே ஒரு தடவை அடித்ததாம். பதினோரு மணிக்கு வில்மாவுக்குச் சீட்டு வந்தது: செவ்வாய் காலை ஒன்பதுக்குப் புத்தகத்தோடு ஆள்பதிவு அறைக்கு வரவும்.

அவள் கதவைத் தாழிட்டு, சமையலறை மேஜையில் புத்தகத்தைத் திறந்து வைத்தாள். ஓரமெல்லாம் பென்சில். கைக்கடிகாரச் சிப்பாய்கள்: ரெமெனிக், 12 மே 1946. ரொட்டி வரிசையைப் பற்றிய வரி: கெலெமென், 3 பிப்ரவரி 1948, அவர் அப்போது நடிகர். தேர்தல் பெட்டியைப் பற்றி ஒன்று. அதைச் சொன்ன பெண் இப்போது கைக்குழந்தைக்காரி. முப்பது வருஷமாகத் தன் கைப்பட எழுதியதைப் படிக்கப் படிக்க அவளுக்கு வியர்த்தது. போலீஸ்காரன் எழுதியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டான்.

வீட்டில் அழிப்பான் இல்லை. ரேஷன் ரொட்டியின் உள்பகுதியைப் பிய்த்து உருட்டி, பென்சில் கோட்டின் மேல் தேய்த்தாள். ரொட்டி கறுத்தது, தாள் வெளுத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு உருண்டை. அன்றைய ரொட்டி முடிந்தது. நாளையதும் பாதி போனது.

மணி அடித்தது. வில்மா அசையவில்லை. அப்புறம் கதவைத் தட்டி, “நான்தான், ஹெர்மின்,” என்ற குரல் கேட்டது. போல்தியின் மனைவி.

ஹெர்மின் உள்ளே வந்து கோட்டோடு உட்கார்ந்தாள். மேஜையில் கறுத்த ரொட்டி உருண்டைகளைப் பார்த்தாள். மாவட்டத்தில் அவரைப் பார்க்க விடவில்லை, சூடான உள்ளாடையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள் என்றாள். சொந்த வசனம் என்று ஒரே பிடியாக நிற்கிறாராம். சொந்த வசனம் என்றால் வேண்டுமென்று சொன்னது என்று ஆகுமாம். பேசிக்கொண்டே இருந்தவளின் பார்வை விரித்திருந்த பக்கத்தில் நின்றது. துண்டுத் தாள் மேல் பக்கமாக இன்னும் லேசாகச் சுருண்டே இருந்தது. விரலால் தூக்கிப் பார்த்தாள். அடியில் பதினோரு பெரிய மனுஷங்க.

ஹெர்மின் தாளை மெதுவாக விட்டாள். அடுப்பில் சட்டி ஒன்று, அதில் பசை. ஐந்து நிமிஷ வேலை. நாலு பக்கமும் ஒட்டிக் காயவைத்தால் புத்தகத்தில் ஒரு குற்றமும் இருக்காது. போல்தி தானாகச் சொன்னார் என்று ஆகிவிடும். ஒட்டாமல் கொண்டுபோனால் எடுத்துக் கொடுத்தவள் வில்மா. அரசு வசனத்தைத் தூக்கிவிட்டுப் பழையதைப் பேச வைத்தவள். யூதனின் மனைவி, முந்தைய ஆட்சியிடமே பொய் சொல்லிப் புத்தகத்தைப் பதுக்கியவள். எது நடக்கும் என்பதை இருவரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த தெருவிலேயே, ஆட்களைக் கொண்டுபோன மூன்று வீடு பூட்டிக் கிடந்தது.

ஹெர்மின் சட்டியைப் பார்த்தாள். பிறகு வில்மாவைப் பார்த்தாள்.

“போய்ச் சொல்லுன்னு நான் சொல்லமாட்டேன் வில்மா. சொல்லாதேன்னும் சொல்லமாட்டேன்.”

“தெரியும் அண்ணி.”

ஹெர்மின் தன் பையைத் திறந்து, கணவருக்கென்று கொண்டுபோய்த் திருப்பி அனுப்பப்பட்ட ரொட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். “இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே உருட்ட ஆரம்பித்தாள். இருட்டுவதற்குள் ஓரங்கள் வெளுத்துவிட்டன. பசைச் சட்டியை வில்மா தொடவில்லை. துணிச்சலால் அல்ல. தொட்டால் பிறகு எப்படிக் குழியில் உட்கார்ந்து போல்தியின் உதட்டைப் பார்ப்பது என்று நினைத்தாள். அந்தப் பயம் மற்றப் பயத்தைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான்.

செவ்வாய் காலை ஆள்பதிவு அறையில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கொம்போஷ் அவளை உட்காரச் சொன்னார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். அவர் மரியாதையாகப் பேசுவது எதற்கு அடையாளம் என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும்.

வில்மா கேட்கக் காத்திராமல், பக்கத்தைத் திறந்து வைத்துச் சொன்னாள். எந்த வரி, எந்தக் கணம், விசிறி எப்போது ஓடியது, தாள் எப்படித் தூக்கியது, தான் என்ன மூன்று வார்த்தை சொன்னாள் என்று வரிசையாக. குழியில் சொல்வது போலவே குரல் வந்தது. அவர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

கொம்போஷ் பென்சில் முனையால் தாளைத் தூக்கினார். விட்டார். மறுபடி தூக்கினார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். எல்லாத் தாளும் ஜன்னல் திரை மாதிரி எழுந்து எழுந்து விழுந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சீமாட்டியும் பிரபுவும் லெப்டினன்டும் பத்திரமாக இருந்தார்கள்.

“இது ஏன் மேல மட்டும் ஒட்டியிருக்கீங்க?”

இந்தக் கேள்விதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். இதற்குப் பதில் இல்லை என்பதும் தெரியும். பழையது திரும்பி வரும் என்று நினைப்பவள்தான் மேலே மட்டும் ஒட்டுவாள். வேறு எப்படிச் சொன்னாலும் அர்த்தம் அதுதான்.

“பழக்கம், தோழர்.”

“யாரோட பழக்கம்?”

“இந்தக் குழியோட பழக்கம்.”

அவர் எழுதிக்கொண்டார். எழுதும்போது பென்சில் உராய்கிற சத்தம் மட்டும். அவர் தலைக்கு மேலே சுவரில் படம். வில்மா அதைப் பார்க்காமலிருக்கப் புத்தகத்தையே பார்த்தாள். நூற்றிப் பதினேழு தாளையும் ஏன் புதுப் பிரதியில் எழுதாமல் பழையதில் ஒட்டினாய், பழையது கண்ணில் படட்டும் என்றா என்று அவர் அடுத்துக் கேட்டார். அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. கணக்காக வேலை செய்கிறவள் ஒவ்வொரு கேள்விக்கும் உரிய பக்கத்தைக் காட்டுவது போல, கடைசி அட்டையைத் திருப்பினாள்.

‘காகிதம் இல்லை. பழையதிலேயே ஒட்டிக்கொள்ளவும். கொம்போஷ்.’

அதைக் காட்டினால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அவர் காது மடல் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. நகத்தால் அந்தச் சீட்டின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு ஓரம். அதுவும் வரவில்லை.

“இத மட்டும் ஏன் நாலு பக்கமும் ஒட்டியிருக்கீங்க?”

“உத்தரவாச்சே, தோழர். வசனம் மாறும். உத்தரவு மாறாதுன்னு நெனச்சேன்.”

கொம்போஷ் எழுந்து போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அவர் நடையைப் பார்த்தபோது வில்மாவுக்கு ஒன்று புரிந்தது. புரிந்ததும் இன்னும் அதிகமாகப் பயந்தாள். அந்தச் சீட்டால், தான் உட்கார்ந்திருக்கும் குற்றவாளி நாற்காலிக்கு இப்போது அவரும் வந்துவிட்டார். பயந்துபோன மனிதன் எந்தப் பக்கம் பாய்வான் என்று சொல்ல முடியாது.

அவர் திரும்பி வந்தபோது குரல் சாதாரணமாகியிருந்தது, மரியாதை போய்விட்டிருந்தது. “ரெமெனிக்குக்கு வயசாயிடுச்சு. மறதி. பழசும் புதுசும் கலந்துபோச்சு. டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிடலாம். நடந்தது அதுதான்.”

“ஆனா நான்தான்…”

“நீ ஒண்ணும் பண்ணல. உன் புஸ்தகத்துல ஒட்டு சரியா இருக்கு.” மேஜை இழுப்பறையிலிருந்து பசைப் புட்டியை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். “சரியா இருக்கான்னு பாத்துடு.”

அவர் பார்த்துக்கொண்டே நிற்க, அவள் அந்தத் தாளை நாலு பக்கமும் ஒட்டினாள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பதினோரு பெரிய மனிதர்களும் ஆணியும் அடியில் போனார்கள். அது முடிந்ததும் அவர் தையல் கத்தி ஒன்றை எடுத்தார். சேணக்காரரின் கை, ஒரே இழுப்பு. கடைசி அட்டை தனியாக வந்தது. அதை அடுப்பில் போட்டார். இருவரும் அது எரிந்து முடியும்வரை நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை போல்தி வீட்டுக்கு வந்தார். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து ஓய்வு. ‘ஓடத்துறைச் சீமாட்டி’யைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வில்மா பார்க்கப் போனபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இடது காதில் பஞ்சு.

“நாலு நாள் உள்ள இருந்தேன். நாலு நாளும் அது என் வசனம்னு சொன்னேன்,” என்றார். “நீ போய்ப் புஸ்தகத்தைக் காட்டிட்ட. இப்போ நான் ஞாபகம் கெட்ட கிழவன். ஊர் பூரா தெரியும்.”

“உங்கள விட்டுட்டாங்களே அண்ணே.”

“நீ குடுத்தது மூணு வார்த்தை. மீதியை நான் நிறுத்தியிருக்கலாம். படம் பின்னாடி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னேன்.” ஜன்னலைப் பார்த்தபடியே, “அந்தச் சிரிப்பு என்னோடது, வில்மா,” என்றார்.

அது உண்மையா, நாலு நாளில் அவர் உண்மையாக்கிக்கொண்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹெர்மின் தேநீரோடு வந்து, வில்மா குடிப்பதற்கு முன்பே அவளை வாசல் வரை கொண்டுவிட்டாள்.

அதன் பிறகு போல்தி பொதுக் குளியல் இல்லத்தில் துண்டு கொடுக்கிற வேலைக்குப் போனார். ஆறு வருஷம் வில்மாவோடு பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொடுவார், அவ்வளவுதான். வில்மா குழியில் இருந்தாள். ஓரத்தில் பென்சிலால் எதையும் எழுதுவதை விட்டிருந்தாள். கொம்போஷ் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. அவர் அறையில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். சுவரில் படமும் மாறியது.

1958இல், 1913இன் வசனத்தோடேயே ‘ஓடத்துறைச் சீமாட்டி’யைப் போடலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, அதெல்லாம் அந்தக் காலத்து மந்திரிகளைப் பற்றியது என்று கடிதமே சொன்னது. வில்மா தாள்களைக் கிழித்து எடுத்தாள். நூற்றிப் பதினாறு சுலபமாக வந்தன. ஒன்று வரவில்லை. ஈரத் துணி வைத்துப் பார்த்தாள். அடியில் இருந்த எழுத்தும் சேர்ந்து உரிந்தது.

அந்த வரி அவளுக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும். ஆனாலும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியல் இல்லத்துக்குப் போனாள். போல்தி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வெந்நீர் ஆவி. புத்தகத்தைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“அந்த வசனம் அழிஞ்சுபோச்சு அண்ணே. எனக்கு ஞாபகம் இல்ல. நீங்க சொன்னா எழுதிக்கறேன்.”

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். பிறகு கையில் இருந்த துண்டைத் தோளில் போட்டு நிமிர்ந்து, “நான் இந்தத் துறையில முப்பது வருஷமா இருக்கேன்…” என்று ஆரம்பித்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவள் பேனாவில் எழுதிக்கொண்டாள்.

அரங்கேற்றத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. சுங்கக்காரர் வேஷத்தில் இளைஞன் ஒருவன். வசனத்தை முழுதாக மனப்பாடம் செய்திருந்தான், குழியைப் பார்க்கவே இல்லை. பின்னால் சுவரில் வெறும் ஆணி. மூன்றாம் அங்கத்தின் அந்தப் பக்கம் வந்ததும் வில்மாவின் இடது கைக் கட்டைவிரல் தானாகப் போய்த் தாளை அழுத்தியது. தூக்கிக்கொள்ள அங்கே இப்போது எந்தத் தாளும் இல்லை.

“ஆணி மட்டும் அதேதான்,” என்றான் இளைஞன்.

யாரும் சிரிக்கவில்லை. வில்மா எண்ணினாள். ஒன்று: முதல் வரிசையில் யாரோ பக்கத்திலிருப்பவரைப் பார்க்கத் திரும்பி நாற்காலி கிறீச்சிட்டது. இரண்டு: இரண்டாம் வரிசை முதல் வரிசையைப் பார்க்க முன்னால் சாய்கிற சத்தம். மூன்று. அப்புறம்தான் பின்னால் எங்கிருந்தோ ஒரு கிழட்டுச் சிரிப்பு தனியாகக் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மண்டபம் சிரித்தது. அந்தத் தனிச் சிரிப்பு யாருடையது என்று அவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் பென்சிலைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் எழுதினாள்: ‘இங்கே மூன்று எண்ணிக் காத்திரு.’ தேதி போடவில்லை. பெயரும் போடவில்லை.